பாதிப் பறவை பார்த்தவர்

மழை நாளில் என் மாமியார் அடுக்களைக்குள் இருந்தபடியே, "மழை விட்டுட்டா பாய்?" என்று குரல் கொடுப்பார். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாய் முற்றத்துக்கு இறங்கி அண்ணாந்து பார்ப்பார். பிறகு பதில் வரும்.

"எங்க பக்கம் விட்டுட்டு அக்கா."

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது ஓர் ஆள் உயரம்கூட இல்லாத மண் மதில். அந்தப் பக்கம் மழை விட்டு இந்தப் பக்கம் பெய்ய வழியே இல்லை. ஆனாலும் அவர் அப்படித்தான் சொல்வார். தன் கண் எதுவரை போனதோ அதுவரைதான் அவர் வாயும் போகும். அதற்கு மேல் ஒரு விரற்கடை போகாது. கேட்பவர்களுக்கு இது நல்ல குணமாகத் தோன்றும். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் இந்தக் குணம் எவ்வளவு எரிச்சல் தரும் என்று தெரியும். நான் காத்துக் கிடந்தவள்.

ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம் கல்யாணமாகி நான் கோவில்பட்டிக்கு வந்தேன். நாகலாபுரத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் கிராமம் எனக்கு. எட்டாவது வரை பள்ளிக்கூடம் போனேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். இந்த வயதிலும் அது போகவில்லை. பேச வேண்டியதையெல்லாம் இப்படி எழுதித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணவர் மில்லில் வேலை பார்த்தார். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவோம், வெளியே தமிழ். வீட்டில் நாங்கள் மூன்றே பேர்: மாமியார், கணவர், நான்.

பாய்க்குப் பஜாரில் வத்தல் கடை. சுற்றுப்பட்டிகளில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் மிளகாய் வத்தலை மூட்டை கட்டி வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். மற்றக் கடைகளில் மூட்டை வாயைப் பிரித்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தால் போதும், தரம் சொல்லிவிடுவார்கள். பாய் ஒவ்வொரு மூட்டையையும் அடிவரை தரையில் கொட்டச் சொல்வார். கடை முழுக்கச் செந்தூசி பறக்கும். கொட்டுகிறவன், கொட்டச் சொன்னவர், தெருவில் போகிறவன் எல்லாரும் தும்முவார்கள். ஒரு நாள் எங்கள் பக்கத்துச் சம்சாரி ஒருவர் பொறுமை இழந்து கேட்டதை என் கணவர் வந்து சொல்லிச் சிரித்தார்.

"அடியில என்ன பாய் இருந்துரப் போகுது? எங்க செடியில காய்ச்ச வத்தல்தான் இருக்கும். வெங்காயமா இருக்கும்?"

"இருந்தாலும் இருக்கும் அண்ணாச்சி. பாக்கலைல்லா."

இப்படிப் பேசுகிற மனிதரிடம் யார் வருவார்கள் என்று தோன்றும். ஆனால் வந்தார்கள். திட்டிக்கொண்டே வந்தார்கள். கொட்டிப் பார்த்து ஒரு தரம் சொல்லிவிட்டால், சாயங்காலம் வேறு ஆள் வந்து வேறு மாதிரிப் பேசினாலும் அவர் மாற்றமாட்டார்.

பாயின் மனைவியை நாங்கள் பாயம்மா என்போம். அந்த அம்மாளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். மதிலில் கைகளை ஊன்றிக்கொண்டு என் மாமியாரிடம் புருஷனைப் பற்றி முறையிடுவதுதான் பொழுதுபோக்கு. "இவியகிட்டப் போயி நான் வீட்டுல இருக்கேனான்னு கேட்டுப் பாருங்க. அடுக்களையை எட்டிப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவாவ" என்பார்.

ஒரு தடவை மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க விளாத்திகுளம் போய்விட்டு வந்தார் பாய். பாயம்மா வாசலிலேயே மறித்துக் கேட்டது எங்கள் வீடு வரை கேட்டது.

"பையன் எப்படி?"

"நல்லாச் சாப்புட்டான்."

"அதைப் பாக்கத்தான் பஸ் ஏறிப் போனீங்களா?"

"நான் இருந்த நேரத்துல அவன் சாப்புட்டுக்கிட்டுத்தான் இருந்தான்."

மறு வாரம் பாய் மறுபடியும் விளாத்திகுளம் போனார். மாப்பிள்ளை வேலை பார்க்கும் கடைக்கு எதிரே டீக்கடையில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார் என்று பாயம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இந்த மனுசனை எவனாவது போலீசுன்னு நெனச்சிருப்பான்."

கரிசல் காட்டில் மழைக்காலம் வந்துவிட்டால் எங்கிருந்தோ புதுப் பறவைகள் வரும். ஐப்பசி மழை விழுந்து காடு பச்சையானதும் தொடங்கி, மாசியில் வெயில் ஏறும் வரை இருக்கும். ஈரத்தரையில் ஓடி ஓடி வாலை ஆட்டும் வாலாட்டிக் குருவி வரும். சோளம் கதிர் வாங்கும் சமயம் சோளக்குருவி கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும்; சம்சாரிகள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். பாய் இந்த மாதங்களில் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் தன் வீட்டு வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போட்டிருந்த உரல்மேல் வந்து உட்கார்ந்துவிடுவார். கையில் கண்ணாடிக் கிளாசில் பால் விடாத கட்டன் சாயா. கடை திறக்கும் நேரம் வரை மரத்தையும் மதிலையும் கூரையையும் பார்த்துக்கொண்டே இருப்பார். வத்தல் வியாபாரிக்குக் குருவி எதற்கு என்று பாயம்மா கேட்பார். அவர் சாயாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மறுபடியும் மரத்தைப் பார்ப்பார்.

நானும் பார்த்தேன். புது மருமகளுக்கு அந்த வீட்டில் யாரும் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் நிற்கக் கிடைத்த இடம் பின்முற்றம்தான். பாத்திரம் துலக்குகிற கல்லருகே நின்று, சாம்பல் கையோடு அண்ணாந்து பார்ப்பேன். பாயும் நானும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே குருவியைப் பார்க்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த ஐப்பசியில் எங்கள் முருங்கை மரத்தடிக்கு ஓர் ஆறுமணிக்குருவி வந்தது. விடியும்போதும் விளக்கு வைக்கும் நேரத்திலும் மட்டும் விசில் அடித்தது மாதிரி இரண்டு சத்தம் கொடுக்கும். சருகுக்குள் தத்தித் தத்திப் போனதை நான் பார்த்துவிட்டேன். முதுகு பச்சை, அடிவயிற்றில் குங்குமம் கொட்டியது மாதிரிச் சிவப்பு. சந்தோஷம் தாங்காமல் பாயம்மாவிடம் சொன்னேன். அவர் புருஷனிடம் கேட்டார்.

"ஆறுமணிக்குருவி வந்திருக்காமே?"

"சத்தம் கேட்டுது."

"அப்பம் வந்திருக்குல்லா."

"சத்தம் வந்திருக்கு."

பிறகு அவர் தினமும் சாயங்காலம் கடையிலிருந்து சீக்கிரம் வந்து அசையாமல் உட்கார்ந்தார். ஒரு நாள் மதிலருகே வந்து, என் மாமியாரிடம் சொல்வது போல் எனக்குக் கேட்கும்படி, "பாத்துட்டேன். வந்திருக்கு" என்றார். அதற்குள் அந்தச் சேதி பழசாகித் தெருவே மறந்துபோயிருந்தது.

மார்கழிப் பிறப்புக்கு முன்னால் புயல் அடித்தது. கடற்கரையில் கரையேறி எங்கள் பக்கம் வரும்போது வேகம் குறைந்துதான் இருக்கும் என்றார்கள். குறைந்த வேகத்துக்கே தெருவில் பாதி வீட்டு ஓடுகள் பறந்தன. காடு முழுக்கப் பருத்திச் செடி சாய்ந்து கிடந்தது. காற்று ஓய்ந்ததும், யாரும் பார்த்திராத பறவைகள் ஊருக்குள் கிடப்பதாகப் பேச்சு வந்தது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தேங்கிய தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகக் கடல் ஆலாப் பறவைகள் உட்கார்ந்திருப்பதை ஜனங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

மறு நாள் காலையில் மழை இல்லை, ஆனால் வெளிச்சமும் இல்லை. வானம் சாம்பல் பூசியது மாதிரி மூடிக் கிடந்தது. நான் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு துலக்கும் கல்லுக்குப் போனேன். முற்றத்துக் கரிசல் மண் களியாகிப் பாதத்தை லேசாக உள்ளே வாங்கியது. தலை நிமிர்ந்தபோது அடுக்களை முகட்டில் அது உட்கார்ந்திருந்தது.

எங்கள் அடுக்களை தனிக் கட்டடம். நாட்டு ஓட்டுக் கூரை. அதன் பின்சுவர்ப் பக்கம் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் பாய் வீட்டு வேப்பமரம். பறவை பாய் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரிந்தது அதன் முதுகு. நல்ல கறுப்பு. நனைந்த சிறகுகளைப் பாதி தொங்கப்போட்டிருந்தது. வால் ஓட்டின்மேல் நீளமாக இறங்கி, கத்தரிக்கோலைத் திறந்து வைத்தது மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது. இரட்டைவால் குருவிக்கு இருக்குமே, அந்த வால். ஆனால் பறவை ஓர் ஆட்டுக்குட்டி அளவு. கால் புதைந்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கையிலிருந்த தட்டு நழுவிக் கல்லில் விழுந்தது. பறவை முன்னால் சாய்ந்து காற்றில் இறங்கி, அகலமாகச் சிறகை விரித்து வீட்டுக்கு மேலே ஒரு வட்டம் போட்டுக் கிழக்கே போனது.

தட்டுச் சத்தம் கேட்டு அடுக்களை வாசலுக்கு வந்த மாமியார் அண்ணாந்து பார்த்தார்.

"கழுகு" என்றார். "பிணந்தின்னிக் கழுகு. நம்ம முகட்டுல உக்காந்துட்டுப் போகுது."

"இல்லை அத்தை. வால் ரெண்டாப் பிரிஞ்சிருந்தது. இரட்டைவால் குருவிக்கு இருக்கிற மாதிரி."

"அம்மாம் பெரிய இரட்டைவால் குருவியை உங்க ஊர்லதான் பாத்திருப்ப."

கழுகு வீட்டு முகட்டில் உட்கார்ந்தால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்த வீட்டில் அதற்குப் பிறகு உலை வைக்கக் கூடாது. பூட்டிவிட்டு வெளியேற வேண்டும். மாதங்கள் கழித்து நாள் பார்த்துச் சாந்தி செய்த பிறகுதான் திரும்பலாம். அதுகூடப் பரவாயில்லை. இந்த வீட்டுக்குப் புதிதாக வந்தது யார், யார் வந்த பிறகு இது நடந்தது என்று அடுத்த கேள்வி வரும். என் கணவருக்குக் கடம்பூரில் தாய்மாமன் இருந்தார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண். அந்தப் பெண்ணை விட்டுவிட்டு என்னை எடுத்ததில் அவருக்கு இருந்த மனக்குறை எங்கள் கல்யாணப் பந்தலிலேயே தெரிந்தது. பறவை கழுகானால் நான் என்ன ஆவேன் என்பது எனக்கு அந்த முற்றத்திலேயே விளங்கிவிட்டது.

மாமியார் மதிலோரம் போனார். பாய் உரலருகே எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"பாய், பாத்தீங்கல்லா?"

"பாத்தேன் அக்கா. முகட்டுல உக்காந்திருந்தது."

"கழுகுதானே?"

அவர் யோசித்தார். "கறுப்பு. பெரிசு. கழுத்தை உள்ள இழுத்து வச்சிருந்தது. மூக்கு நுனி வளைஞ்சிருந்தது. அவ்வளவுதான் பாத்தேன்."

"மூக்கு வளைஞ்சிருந்தாக் கழுகுதான்."

"கிளிக்கும் மூக்கு வளைஞ்சுதானே இருக்கு."

"அப்பம் கறுப்புக் கிளியா?"

"நான் அப்படிச் சொல்லலையே அக்கா."

மாமியார் உள்ளே போனதும் நான் மதிலிடம் ஓடினேன். அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் எனக்கே கேட்கவில்லை.

"பாய், வால் பிரிஞ்சிருந்துதுல்லா?"

"வால் உன் பக்கம்லா தாயி இருந்துது. முகடு மறைச்சிட்டு."

"கழுகு இல்லைன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"இல்லைன்னு சொல்லணும்னா முழுசாப் பாத்திருக்கணும் தாயி."

"நீங்க கழுகு பாத்ததே இல்லையா?"

"பாத்திருக்கேன். மாடு செத்துக் கிடக்கிற இடத்துல நிறையப் பாத்திருக்கேன். அதான் யோசிக்கேன்."

"அது மாதிரியா இருந்துது?"

"பாதியைப் பாத்துட்டு எப்படித் தாயி மாதிரின்னு சொல்ல?"

பொய் சொல்லச் சொல்லவில்லை நான். அவருக்கும் அது கழுகாகத் தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தோன்றியதைச் சொல்லியிருக்கலாம். அந்தத் தெருவில் யார் பேச்சை யார் தட்டினாலும் பாய் பேச்சைத் தட்டமாட்டார்கள். எங்கள் சகுனங்களோடு அவருக்குச் சம்பந்தமும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. அவர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு முகட்டையே பார்த்தபடி நின்றார்.

அன்றே வீடு பூட்டப்பட்டது. மாமியார் கடம்பூர்த் தம்பி வீட்டுக்குப் போனார். கணவர் மில் பக்கம் ஒரு சிநேகிதர் அறையில் தங்கிக்கொண்டார். என்னை நாகலாபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

கல்யாணமாகி முதல் பொங்கலுக்குள் பெட்டியோடு திரும்பி வந்த பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "விருந்தாட வந்தியா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். வாரங்கள் போனதும் "இன்னும் போகலையா?" என்றார்கள். என் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சோறு போடுவாள். எனக்குக் கடம்பூர்க்காரர் மேல் வந்த கோபத்தைவிட, என் கணவர் மேல் வந்த கோபத்தைவிட, அந்த உரல்மேல் உட்கார்ந்திருக்கும் மனிதர் மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. மற்றவர்கள் பார்க்காதவர்கள். இவர் பார்த்தவர்.

கணவர் மில் விடுமுறை நாளில் எப்போதாவது வந்து போவார். அம்மாவை எதிர்த்துப் பேசுகிற சுபாவம் அவருக்கு இல்லை. நடந்ததைச் சொல்வார், அவ்வளவுதான். ஒரு தடவை வந்தபோது தாய்மாமன் பாயைப் பார்க்கப் போனதைச் சொன்னார். கடம்பூர்ப் போளி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பாய் போளியைப் பிட்டுச் சாப்பிடும்போது தாய்மாமன் கேட்டாராம்.

"நீரும் பாத்தீருல்லா பாய். கழுகுன்னு நம்ம பெரியவங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லிரும். மீதியை நாங்க பாத்துக்கிடுதோம்."

"போளி நல்லா இருக்கு."

"போளியை விடும். கழுகுன்னு சொல்லுவீரா, மாட்டீரா?"

"போளியை முழுசாத் தின்னுட்டேன் அண்ணாச்சி, அதனால சொல்லுதேன். பறவையை முழுசாப் பாக்கலை."

கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எதிராகவும் அவர் சொல்லவில்லை என்பதில் என் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதல். எனக்கு அதுவும் இல்லை. கழுகு என்றும் இல்லாமல், கழுகு இல்லை என்றும் இல்லாமல், நான் பாட்டுக்கு அந்தரத்தில் கிடந்தேன்.

அடுத்த தடவை வந்தபோது, "பாய் நம்ம வீட்டுச் சாவி கேட்டாரு" என்றார் கணவர்.

"எதுக்கு?"

"நீ நின்ன இடத்துல நின்னு பாக்கணுமாம்."

"பாத்தாரா?"

"இன்னும் இல்லை. மேகம் வரணுமாம்."

எனக்கு விளங்கவில்லை. அவரே சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார். "அன்னைக்கு இருந்த வெளிச்சம் இருந்தாத்தான் சரியாத் தெரியுமாம். வெயில்ல பாத்தா அது வேற பார்வையாம்."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எங்கள் சீமையில் மார்கழி போனால் மேகம் எங்கே வரும்? அந்தப் புயலோடு மழையும் ஒரேயடியாக நின்றுபோயிருந்தது. வானம் தினமும் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. தை போனது. அம்மாவோடு பருத்தி எடுக்கப் போனேன். சுளையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டே கிழக்கேயும் மேற்கேயும் பார்ப்பேன். பிஞ்சைக்காரர்கள் மழைக்காக வானம் பார்ப்பார்கள். நனைந்தால் கெட்டுப்போகும் பருத்தி வெடித்துக் கிடக்கும்போது மேகம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அந்தக் காட்டில் நான் ஒருத்திதான். "ஏட்டி, மேல என்னத்தப் பாக்க? செடியைப் பாரு" என்று பக்கத்து நிரையில் இருந்தவள் அதட்டினாள்.

மாசியில் ஒரு நாள் காலையில் வானம் மூடியது. மழை இல்லை. தூறல்கூட இல்லை. வெறும் மூட்டம். மத்தியானத்துக்குள் கலைந்துவிட்டது. அன்று நான் சரியாகப் பருத்தி எடுக்கவில்லை.

சில நாள் கழித்து, விடுமுறை நாளாக இல்லாத ஒரு நாளில் கணவர் வந்தார். என் பெட்டியை எடுக்கச் சொன்னார். அம்மா அவரை உட்காரவைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

மூட்டம் போட்ட அன்று காலையில், இரவு ஷிப்ட் முடிந்து மில் வாசலுக்கு வந்தபோது, பாய் குடையோடு நின்றுகொண்டிருந்தாராம். "வாங்க தம்பி, வெளிச்சம் சரியா இருக்கு" என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வீட்டைத் திறந்து, என் கணவரை அடுக்களைக் கூரைமேல் ஏறச் சொல்லி, அந்தக் கறுப்புக் குடையைப் பாதி விரித்து முகட்டில் கட்டச் சொன்னாராம். பிடி எங்கள் முற்றத்துப் பக்கம் வாலாகத் தொங்க வேண்டும், கம்பி முனை மூக்காக வேப்பமரத்துப் பக்கம் இருக்க வேண்டும்.

"தெருவே வேடிக்கை பாத்துது. கழுகு உக்காந்த முகட்டுல குடை கட்டுதானேன்னு" என்றார் கணவர்.

பாய் முதலில் தன் உரலில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தாராம். துலக்கும் கல்லருகே குனிந்தாராம். வீடு பூட்டிய நாளிலிருந்து அந்தப் பக்கம் யாரும் போகாததால், களிமண்ணில் பதிந்த இரண்டு கால் தடம் அப்படியே காய்ந்து, கல்லில் செதுக்கியது மாதிரி இருந்ததாம்.

"இது யார் தடம்?" என்று கேட்டிருக்கிறார்.

"அவளாத்தான் இருக்கும் பாய்."

"இருக்கும்னா?"

கணவர் இங்கே சொல்வதை நிறுத்தி, மோரை ஊற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "உனக்கு இடது கால் சுண்டு விரல் தரையில படாதுல்லா. அதைச் சொன்னேன். குனிஞ்சு பாத்தாரு. தடத்துலயும் இல்லை."

என் சுண்டு விரலை அவர் கவனித்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பாய் அந்தத் தடத்தை மிதிக்காமல் பின்னால் நின்று, என் உயரத்துக்கு முழங்காலை மடக்கிக்கொண்டு குடையைப் பார்த்தாராம். பிறகு அடுக்களை வாசலில், மாமியார் நின்ற இடத்தில் போய் நின்று பார்த்தாராம். அன்றைக்கே கடையைத் திறக்காமல் என் கணவரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிக் கடம்பூர் போய், தாய்மாமன் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சொன்னாராம்.

"அக்கா, நீங்க நின்ன இடத்துல இருந்து முகடே தெரியலை. கூரை இறக்கம் மறைக்கி. நீங்க பறந்ததைத்தான் பாத்திருக்கீங்க. நான் முன்பக்கம் பாத்தேன். பின்பக்கம் பாத்தது அந்தப் பிள்ளை ஒண்ணுதான். அங்கன இருந்து வால் தெரியும், மூக்கு தெரியாது. அந்தப் பிள்ளை மூக்கைப் பத்தி வாயே திறக்கலை. தெரிஞ்சதை மட்டும் சொல்லியிருக்கு. அது சொன்னதை நான் எடுத்துக்கிடுதேன்."

"அப்பம் கழுகு இல்லைங்கீரா?" என்றாராம் தாய்மாமன்.

"வால் பிரிஞ்ச கழுகை நான் பாத்ததில்லை."

"அதைத்தான்வே கேக்கேன். இல்லைன்னு சொல்லும்."

"நான் பாக்காத கழுகு எத்தனையோ இருக்கும்லா அண்ணாச்சி."

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாராம். மாமியார் என் கணவர் பக்கம் திரும்பினாராம். பிறகு, "வீட்டைத் திறப்போம். அவளைக் கூட்டிட்டு வா" என்றாராம். பாய் சொன்னது பாதி, தம்பி பெண்டாட்டி கையை எதிர்பார்த்துச் சாப்பிட்டு அலுத்தது பாதி என்று நான் நினைக்கிறேன்.

பாயால்தான் நீ வாழ்ந்தாய் என்று என் அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒப்புக்கொள்ள மனசு வருவதில்லை. அன்று காலையில், மதிலுக்கு இரண்டு பக்கமும் நாங்கள் நின்றபோது, தோன்றியதைச் சொல்லியிருந்தால் நான் பஸ் ஏறியிருக்கவே வேண்டாம். ஊர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டாம். ஒரு வார்த்தைக்குப் பதிலாக மேகத்துக்குக் காத்திருந்தார். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த ஊரில் நான் சொன்னது மெய்யா என்று பார்க்க என் இடத்தில் வந்து நின்றவர் வேறு யாருமில்லை. என் கணவர்கூட அவர் கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

சாந்தி கழித்து உலை வைத்த மறு நாள், மாமியார் என் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, முற்றம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது, கொத்திச் சமமாக்கு என்றார். கொத்தினேன். கரிசல் மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. முருங்கை மரத்தடி, அடுக்களை ஓரம், மதில் ஓரம் எல்லாம் கொத்தி மட்டமாக்கினேன். துலக்கும் கல்லருகே அந்த இரண்டு தடத்தை மட்டும் விட்டுவிட்டேன். சாயங்காலம் மாமியார் வந்து பார்த்தார். தடத்தருகே நின்றார். அங்கிருந்து திரும்பி அடுக்களை முகட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

தடத்தை மிதிக்காமல் சுற்றி வந்து மண்வெட்டியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.